சிறிய காரும் வாங்கியவர் சாட்சியமும்

ஒரு பண்டத்தின் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? செய்து விற்கிற முதலாளிக்கா, விளம்பரம் எழுதுகிறவருக்கா, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மதிப்புரை வரைகிற நிபுணருக்கா, அல்லது கைப்பணம் கொடுத்து வாங்கிப் பத்து வருஷம் வைத்துக் காலந்தள்ளுகிறவருக்கா? கேட்ட மாத்திரத்தில், கடைசியாகச் சொன்னவருக்கே என்று எல்லோரும் பதில் அளிப்பார்கள். ஆனால் அநுபவத்தில் அவருடைய வார்த்தைதான் கடைசியாகக் காதில் ஏறுகிறது. ஐரோப்பாவில் நகரவாசிகளுக்கென்று செய்யப்பட்ட சிறிய மோட்டார் கார்களின் வரலாறு இதற்கு ஒரு நல்ல திருஷ்டாந்தம். அந்த வரலாறு நம் தேசத்தையும் தொடுகிறது. எந்த இடத்தில் என்பதைப் பின்னால் சொல்வோம்.

ஐரோப்பாவின் பழைய பட்டணங்கள் மோட்டார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டவை. ரோமாபுரியின் சந்துகளும் பாரிஸின் பழைய பேட்டைகளும் குதிரை வண்டிக்கும் கால்நடையாகப் போகிறவருக்கும் ஏற்பட்டவை. அங்கே பெட்ரோலின் மீது வரியும் அதிகம். இரண்டாவது மகாயுத்தம் முடிந்தபோது ஜனங்களிடம் பணமும் இல்லை. குறுகிய தெரு, விலையேறிய பெட்ரோல், மெலிந்த மடிசீலை என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் சிறிய காரைப் பெற்றெடுத்தன.

பிரான்ஸ் தேசத்தில் சித்ரோன் கம்பெனியின் தலைவரான பியேர் புலாஞ்ஜே தம் பொறியாளர்களுக்கு இட்ட கட்டளை பிரசித்தமானது. இரண்டு குடியானவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் சுமந்துகொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கக் கூடாது. உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடையக் கூடாது என்றார் அவர். 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த '2 சி.வி.' வண்டிக்கு 375 சி.சி. கொண்ட இஞ்சின்; அதன் பலம் 9 குதிரைச் சக்தி. பத்திரிகைக்காரர்கள் பரிகசித்தார்கள். குடியானவர்களோ முன்பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990 வரையில் அந்த வண்டி தயாராகிக்கொண்டே இருந்தது.

இத்தாலியில் டாண்டே ஜாகோஸா என்ற பொறியாளர் வகுத்த புதிய 'ஃபியட் 500' 1957 ஜூலையில் வந்தது. நீளம் 3 மீட்டருக்கும் குறைவு. பின்புறத்தில் இரண்டு சிலிண்டர் கொண்ட இஞ்சின், அதைக் குளிர்விப்பது வெறும் காற்று. பலம் 13 குதிரைச் சக்தி. இங்கிலாந்தில் 1956ம் வருஷத்துச் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது பிறந்த யோசனை 1959 ஆகஸ்டில் 'மினி' என்ற உருவம் பெற்றது. அலெக் இஸ்ஸிகோனிஸ் இஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, பத்தடி நீள வண்டியில் நான்கு பேரை உட்காரவைத்தார். இன்று உலகில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை இஞ்சினை அவ்வாறே குறுக்கில் வைத்திருக்கின்றன. 2000ம் வருஷம் வரையில் 53 லட்சத்திற்கு மேற்பட்ட மினிகள் தயாராயின.

இந்த வண்டிகளில் குறைகள் இல்லையா? ஏராளம். ஆரம்ப கால மினிகளில் மழை நீர் தரைக்குள் கசிந்தது. பழைய ஃபியட்டில் கியர் மாற்றுவதற்கு இரண்டு முறை கிளச்சை மிதிக்கும் பழக்கம் தேவைப்பட்டது. வண்டிக்குள் பேசுகிறவர் உரக்கப் பேச வேண்டியிருந்தது. 2 சி.வி. ஒரு வளைவில் திரும்பும்போது, பக்கத்திலிருந்து பார்ப்பவர் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும்படி சாய்ந்தது. அதன் கியர்க் கழியோ குடைக் கைப்பிடியைப் போல முன்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. இவற்றையெல்லாம் அதிகமாக எடுத்துச் சொன்னவர்கள் அந்த வண்டிகளை வைத்திருந்தவர்களே. சொல்லிவிட்டு அதே மூச்சில், இதை விற்க மனம் வரவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள்.

இதை வெறும் அபிமானம் என்று தள்ளிவிடக் கூடாது. தரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பார்வைக்குத் தரம். மற்றொன்று பழக்கத்துக்குத் தரம். கதவை மூடும்போது எழும் சத்தம், முன்பலகையின் மென்மை, இரும்புத் தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. விற்பனைக் கூடத்தில் கால் மணி நேரத்தில் இவற்றை அறிந்துகொள்ளலாம். குளிர்காலத்துக் காலையில் முதல் திருப்பிலேயே இஞ்சின் கிளம்புகிறதா, கிராமத்துக் கொல்லனும் பழுது பார்க்க முடியுமா, எட்டாவது வருஷத்திலும் கதவுக் கீல் தொங்காமல் நிற்கிறதா, சந்தில் எதிர்வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கிறதா என்பவை இரண்டாம் வகை. இவற்றை அறிய வருஷங்கள் வேண்டும். முதல் வகைத் தரத்தைப் பணம் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் சேர்த்துக் கொடுக்கும். இரண்டாவது வகை, வண்டியை வகுக்கும்போதே அதை ஓட்டப்போகிறவனை மனத்தில் வைத்திருந்தால்தான் அமையும்.

பிற்காலத்து வண்டிகளைப் பற்றி உரிமையாளர்கள் பொதுவாகச் சொல்லி வந்தவற்றைப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் விளங்கும். 2011ல் வோக்ஸ்வாகன் கம்பெனி வெளியிட்டு ஸ்லோவாக்கியாவில் பிராட்டிஸ்லாவா நகரில் தயாரித்த 'அப்' என்ற வண்டி மூன்றரை மீட்டர் நீளமுள்ளது. ஜெர்மனியில் அதன் ஆரம்ப விலை 10,000 யூரோவுக்குக் குறைவு. உள்ளே கதவுகளின் மேற்பகுதியில் வர்ணம் பூசிய இரும்புத் தகடு அப்படியே தெரியும். பக்கத்து ஆசனத்தின் ஜன்னலை இறக்கும் பொத்தான் ஓட்டுகிறவர் பக்கத்தில் கிடையாது. கையை எட்டி நீட்ட வேண்டும். காசை மிச்சப்படுத்திய இடங்கள் இவை. ஆனால் நெடுஞ்சாலையில் பெரிய வண்டியைப் போல நிலையாக ஓடுகிறது, ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது, உட்காருமிடம் தாராளம் என்று அதை வைத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காசு எங்கே மிச்சப்படுத்தப்பட்டது, எங்கே மிச்சப்படுத்தப்படவில்லை என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

2007 ஜூலையில் பழைய பெயரோடும் பழைய முகத்தோடும் போலந்து தேசத்துத் தொழிற்சாலையிலிருந்து மறுபிறவி எடுத்த ஃபியட் 500 இதற்கு நேர்மாறான கதை. அதை வாங்கியவர்கள் முதலில் மயங்கியது உருவத்தில். உள்ளே வெளி வர்ணத்தையே பூசிய முன்பலகை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங்கை விரலால் சுற்றலாம். ஆனால் ஆசனம் சற்று உயரம், பின் ஆசனம் நெருக்கம், சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் குறைவானதால் மேடு பள்ளத்தில் குதிக்கிறது என்ற குறைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. இரண்டரை மீட்டர் நீளமே உள்ள 'ஸ்மார்ட்' வண்டியைப் பெற்றவர்கள், மற்றவர் நிறுத்த முடியாத இடத்தில் நிறுத்தியதைப் பெருமையாகச் சொன்னார்கள். தானாகக் கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது என்றும் அலுத்துக்கொண்டார்கள். 2014ல் இஞ்சினைப் பின்னால் வைத்து வந்த ரெனோ கம்பெனியின் 'ட்விங்கோ' முன்சக்கரங்கள் நன்றாகத் திரும்ப இடம் பெற்றதால், ஏறக்குறைய எட்டரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். 

சிறிய காரை ஓட்டுவதில் ஓர் இன்பம் இருக்கிறது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டியின் எடைதான் டயருக்கும் பிரேக்குக்கும் முதல் எதிரி. எடை குறைந்தால் மெல்லிய டயரே போதும். மெல்லிய டயர் சாலையின் நிலையை ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெளிவாகச் சொல்லும். குறைந்த பலமுள்ள இஞ்சினை முழுவதும் உபயோகித்து ஓட்டும் திருப்தி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைத்துவிடும். 300 குதிரைச் சக்தி கொண்ட வண்டிக்காரருக்கு அதே திருப்தி வேண்டுமானால் சட்டத்தை மீற வேண்டும். பிரஸல்ஸ் நகரம் 2021 ஜனவரி முதலும், பாரிஸ் 2021 ஆகஸ்டு முதலும், பொலோன்யா 2024 முதலும் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதென்று விதித்தன. அத்தெருக்களில் பெரிய வண்டியின் பலம் பெட்டியில் பூட்டிய பொன்னைப் போன்றது. சொந்தக்காரருக்குப் பெருமை உண்டு, பிரயோஜனம் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். பெரிய வண்டி மோதலில் உயிரைக் காக்கிறது, சிறிய வண்டி காக்காது என்கிறார்கள். தன் வண்டிக்குள் இருப்பவரை மட்டும் கணக்கிட்டால் இதில் உண்மை உண்டு. ஆனால் ஒருவர் எடையைக் கூட்டிப் பெறுகிற பாதுகாப்பு, எதிரே வருகிறவரிடமிருந்தும் நடந்து போகிறவரிடமிருந்தும் பிடுங்கப்பட்ட பாதுகாப்பு. எல்லோரும் எடையைக் கூட்டினால் யாருக்கும் லாபமில்லை. மேலும், சிறிய வண்டியைப் பத்திரமாகச் செய்ய முடியாது என்பதும் பொய். வோக்ஸ்வாகன் அப் 2011ல் ஐரோப்பிய மோதல் பரிசோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. 2019ல் அதற்கு 3 நட்சத்திரமே கிடைத்தது. இடையில் பரிசோதனை கடுமையாயிற்று. தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி முதலியவை எதிர்பார்க்கப்பட்டன. தரம் என்பது ஒரு முறை பெற்று மாட்டி வைக்கும் பட்டமல்ல, வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டிய கடமை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உரிமையாளரின் சாட்சியம் எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதற்கு இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு லிட்டருக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனிகள் ஆய்வுசாலைக் கணக்கைக் காட்டி விற்று வந்தன. வாங்கியவர்கள் தம் நோட்டுப் புத்தகத்தில் பெட்ரோல் கணக்கை எழுதிப் பார்த்து, சொன்னதற்கும் நடப்பதற்கும் வெகு தூரம் என்று பல வருஷம் முறையிட்டார்கள். முதலில், நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை என்றார்கள். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் வண்டிகள் பரிசோதனையின்போது மட்டும் புகையை அடக்கி நடித்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. 2017 செப்டம்பர் முதல் பழைய ஆய்வுமுறையை ஒதுக்கி, நடைமுறைக்கு நெருங்கிய புதிய முறையை ஐரோப்பா கையாளத் தொடங்கிற்று. முன்பே உண்மையைச் சொன்னவர்கள், பென்சிலும் காகிதமும் வைத்திருந்த சாதாரண ஜனங்கள்.

இப்படி நேசிக்கப்பட்ட சிறிய கார் இன்று என்னவாயிற்று? செக் தேசத்தில் கொலின் நகரத்தில் 2005 முதல் ஒன்றாகப் பிறந்த மூன்று சகோதரர்களில் பெஜோ, சித்ரோன் பெயர் தாங்கிய இரண்டும் மறைந்துவிட்டன. அப் 2023ல் நின்றது. ஸ்மார்ட்டின் இரண்டு ஆசன வண்டியும் பின்னால் இஞ்சின் வைத்த ட்விங்கோவும் 2024ல் நின்றன. வாங்க ஆளில்லாமல் அவை மடியவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கும், 2022 முதல் சட்டம் கட்டாயப்படுத்திய எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆகும் செலவு சிறிய வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றே. விலை உயர்ந்த வண்டியில் அது மறைந்துவிடும். எளிய வண்டியில் அது லாபத்தை விழுங்கிவிடும். அத்துடன், 2020 முதல் 2024 வரை இருந்த கரிப்புகை வரம்பு வண்டியின் எடையை ஒட்டிக் கணக்கிடப்பட்டதால், கனத்த வண்டி விற்பவருக்குச் சற்றுத் தளர்ந்த வரம்பே கிடைத்தது. மெலிந்தவனுக்கு ஒரு நியாயம், பருத்தவனுக்கு ஒரு நியாயம் என்று சட்டமே வகுத்துக் கொடுத்தால், எந்த வியாபாரி மெலிந்ததைச் செய்வான்?

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் பாரிஸ் நகரவாசிகளைக் கேட்டபோது, வாக்களிக்க வந்தவர்கள் சிலரே ஆனாலும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கனத்த வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கச் சம்மதித்தனர். 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டியில் வெளியூரிலிருந்து வந்து நகரின் மத்தியில் நிறுத்துகிறவர் மணிக்கு 18 யூரோ கொடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய கமிஷனின் தலைவி உர்ஸுலா வான் டெர் லேயன், எளிய விலையில் சிறிய கார்கள் வேண்டுமென்று தமது வருஷாந்தரப் பிரசங்கத்தில் பேசினார். அவ்வருஷம் நவம்பரில் ரெனோ கம்பெனி மின்சார ட்விங்கோவைக் காட்டி, விலை 20,000 யூரோவுக்குக் கீழே என்று அறிவித்தது. எழுபது வருஷத்துக்கு முன் புலாஞ்ஜேக்கும் ஜாகோஸாவுக்கும் தெரிந்திருந்த விஷயத்தை அரசாங்கங்கள் மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கின்றன.

இனி நம் தேசத்தைத் தொடும் இடத்துக்கு வருவோம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைப் பழைய சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் 'டிரையம்ப்' வண்டியே இங்கே அப்பெயரில் உருவாயிற்று. சிறிய ஐரோப்பிய வண்டியைச் செய்யும் வித்தை நம் கைகளுக்கு அந்நியமன்று. பின்னர் காற்றின் திசை மாறிற்று. 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் தயாரான 'ஐ 10' என்ற ஹியுண்டாய் வண்டியும், 2010 முதல் ஒரகடத்தில் தயாரான 'மைக்ரா' என்ற நிஸ்ஸான் வண்டியும் கப்பலேறி ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றன. லண்டனிலும் பெர்லினிலும் வசிக்கும் எத்தனையோ குடும்பங்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளி முடுக்கிய திருகாணியை நம்பிப் பிரயாணம் செய்தன. இதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. கடல் கடந்து சென்ற வண்டி காற்றுப்பைகளோடு சென்றது. இங்கேயே விற்ற மலிவு ரகத்தில் அவை இல்லை. 2014 ஜனவரியில் லண்டனிலுள்ள சர்வதேச மோதல் பரிசோதனை ஸ்தாபனம், இந்தியாவில் விற்கப்பட்ட, காற்றுப்பை இல்லாத 5 சிறிய கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தது. உள்நாட்டுக் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி என்ற பேதமின்றி ஐந்துக்கும் சூன்யமே கிடைத்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே கை, இரண்டு தரம்! வெள்ளைக்காரன் தலைக்கு ஒரு விலை, நம்மவன் தலைக்கு ஒரு விலை என்ற கணக்கு 1947 ஆகஸ்டு 15ந் தேதியோடு தொலைந்தது என்று நினைத்திருந்தோம். அது விலைப்பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. 2019 ஜூலை முதல்தான் ஓட்டுகிறவருக்காவது ஒரு காற்றுப்பை இருக்க வேண்டும் என்று எல்லாப் புதிய கார்களுக்கும் சட்டம் வந்தது. பக்கத்தில் அமர்பவருக்கும் வேண்டும் என்பது பிற்பாடு வந்தது. 2023 அக்டோபர் முதல் நம் தேசத்துக்கென்றே 'பாரத்' மோதல் பரிசோதனை நடைபெறுகிறது. காலங்கடந்து வந்தாலும் வரவேற்கத்தக்க மாறுதல்கள் இவை.

இங்கே வாங்கியவர் ஏன் வாய் திறக்கவில்லை? காற்றுப்பை இருக்கிறதா என்பதைப் பத்து வருஷம் ஓட்டியும் ஒருவர் உணர முடியாது. உணர வேண்டிய நாள் வரும்போது சாட்சி சொல்ல அவர் இருக்க மாட்டார். ஆகவே, ஓட்டும் சுகத்தையும் உழைப்பையும் பற்றி உரிமையாளர் சொல்லட்டும். உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பொதுப் பரிசோதனை சொல்லட்டும். இந்த இரண்டு சாட்சிகளும் சேர்ந்தால்தான் விளம்பரத்தின் பொய் அம்பலமாகும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் வழக்கு பாதியில் நின்றுவிடும்.

நம் நகரங்களின் தெருக்கள் ரோமாபுரியின் தெருக்களைவிட அகலமானவை அல்ல. மயிலாப்பூர் மாடவீதியிலும் மதுரை மாசிவீதியிலும் கனத்த வண்டி ஒன்று புகுந்தால் பாதசாரிகள் எங்கே ஒதுங்குவது என்பது எல்லோரும் அறிந்த சங்கடம். ஆயினும் நம்மவர் கண்ணும் பருத்த வண்டியின் மேல்தான் போகிறது. அந்தஸ்தை அடிக்கணக்கில் அளக்கும் இந்தப் பழக்கத்தை ஐரோப்பா பெரும் செலவு செய்து பரீட்சித்துவிட்டு இப்போது திரும்பிப் பார்க்கிறது. அந்தச் செலவை நாமும் மறுபடி செய்ய வேண்டுமா?

சிறிய வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் உயிர்ப் பாதுகாப்பில் ஒரே நியாயத்தைச் சர்க்கார் விதிக்க வேண்டும்; அதே சமயம் சிறிய வண்டிக்கு வரியிலும் நிறுத்துமிடத்திலும் சலுகை காட்ட வேண்டும். கம்பெனிகள் விற்பனைக் கூடத்தில் பேசுவதைக் குறைத்து, ஐந்து வருஷம் ஓட்டியவரின் பேச்சைக் கேட்க வேண்டும். வாங்கப் போகிறவர் பளபளக்கும் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, அதே வண்டியை வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரை ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். பிறகு மோதல் பரிசோதனையின் முடிவையும் பார்க்கட்டும். வைத்திருப்பவரும் தம் வண்டியின் குறையைச் சொல்வது தமக்கு அவமானம் என்று எண்ணி மறைக்காமல் இருக்கட்டும். கடலுக்கு அப்பால் அனுப்பும் பண்டத்தில் எந்தத் தரம் இருக்கிறதோ, அதே தரம் நம் வீட்டு வாசலில் நிற்கும் பண்டத்திலும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஜனங்களிடம் எந்த வியாபாரியும் இரண்டாந்தரச் சரக்கை நீட்டத் துணிய மாட்டான்.